வட்ட முத்திரையும் அகலக் கட்டமும்

மூன்று வார விடுப்பில் நியூ ஜெர்சியிலிருந்து சேலம் வந்த எனக்கு, ஒரே ஒரு படிவத்தில் நோட்டரி முத்திரை வாங்குவதற்கே மூன்று நாட்கள் தேவைப்பட்டன. மறைந்த தந்தையின் அமெரிக்க ஓய்வூதியக் கணக்கை அம்மாவின் பெயருக்கு மாற்றுவதற்கான படிவம் அது. சென்ற ஆண்டு உறவினர் மூலம் அனுப்பியதை, அம்மாவின் கையெழுத்தின் மேல் முத்திரை விழுந்திருப்பதால் இரண்டையும் படிக்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

குற்றம் முத்திரை குத்தியவருடையது என்றுதான் முதலில் எண்ணினேன். அளவுகோலை வைத்துப் பார்த்த பிறகே, கோளாறு படிவத்தில் இருப்பது புரிந்தது. அங்கே பல மாநிலங்களில் நோட்டரிகள் நீள்சதுர ரப்பர் முத்திரையைப் பயன்படுத்துவதால், கட்டத்தை ஆறு சென்டிமீட்டர் அகலமும் இரண்டரை சென்டிமீட்டர் உயரமுமாக வரைந்திருந்தார்கள். நம் நாட்டிலோ, 1956ஆம் ஆண்டு நோட்டரி விதிகளின்படி, பெயர், பணிப் பகுதி, பதிவு எண், நியமித்த அரசின் பெயர் ஆகியவற்றைத் தாங்கிய, ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட முத்திரையைத்தான் நோட்டரி பயன்படுத்த வேண்டும். கட்டத்துக்கு மேலே கையெழுத்துக் கோடு, கீழே பொடி எழுத்தில் நிபந்தனைகள்; வட்டம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஏதாவது ஒன்றை விழுங்கியே தீரும்.

கையெழுத்திடுபவர் நோட்டரியின் முன்னால் இருக்க வேண்டும் என்பதால், முழங்கால் வலியோடு அம்மாவும் ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து என்னுடன் சேலத்தின் அஸ்தம்பட்டிப் பகுதிக்கு வந்தார். நீதிமன்றத்துக்கு அருகிலுள்ள அலுவலகத்தில் இருந்த, நோட்டரியுமான வழக்கறிஞர், படிவத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "இந்தக் கட்டத்துல சீல் உக்காராதுங்க. இணைப்புத் தாள் வெச்சா ஏத்துக்குவாங்களான்னு எழுத்துல கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றார். அன்றிரவே மின்னஞ்சல் அனுப்பினேன். இணைப்புத் தாள் போதும், ஆனால் அது எந்தப் படிவத்தைச் சேர்ந்தது என்பது தெளிவாக இருக்க வேண்டும் என்று மறுநாள் மாலையே பதில் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் நடந்த வேலை அழகானது. முத்திரையை முதலில் ஃபைல் உறையின் கண்ணாடித் தாளில் குத்தி, அதைப் படிவத்தின் மேல் நகர்த்திப் பார்த்து, எங்கும் இடமில்லை என்பதை அவர் எனக்கே காட்டினார். பிறகு தனித் தாளில் சான்றுரையைத் தட்டச்சு செய்யச் சொன்னார்: படிவத்தின் தலைப்பு, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், பக்க எண்ணிக்கை, கையெழுத்திட்டவர் பெயர், தேதி. படிவத்தில் மாநிலமும் 'கவுன்ட்டி'யும் கேட்ட இடத்தில் தமிழ்நாடு, சேலம் மாவட்டம் என்று எழுதி, நியமனம் முடியும் தேதியையும் நிரப்பினார். வெற்றாக விட்டுவந்த கட்டத்தில் 'இணைப்புத் தாளைக் காண்க' என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டார். முழு முத்திரை இணைப்புத் தாளின் வெள்ளைப் பரப்பில் விழுந்தது. இரண்டு தாள்களையும் நூலால் கோத்த பின், பாதி இதிலும் பாதி அதிலுமாக ஓரத்தில் இன்னொன்று. அம்மா பதிவேட்டிலும் கையெழுத்திட்டார்.

இங்கிருந்தே ஸ்கேன் செய்து அனுப்புபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மையில்லாமல் தாளில் அழுத்து அச்சாக மட்டும் பதியும் முத்திரை நகலில் பெரும்பாலும் தெரியாது. எனவே மை முத்திரையும் கேட்டு வாங்குங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்பதற்கான சான்று வில்லை, தேவைப்படும் ஆவணமானால் (இந்தியா 2005 முதல் அதற்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இருக்கிறது), அந்த வில்லையைப் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் ஒட்டுகிறார்கள் என்பதால், பின்பக்கத்தை வெறுமையாக வைத்திருங்கள். என் படிவத்துக்கு அது தேவைப்படவில்லை.

கிளம்பும்போது அலுவலகக் குமாஸ்தா எங்கள் இணைப்புத் தாளை ஜெராக்ஸ் எடுத்துத் தம் கோப்பில் வைத்துக்கொண்டார். "இதே மாதிரி ஃபாரத்தோட அடுத்த மாசமே யாராச்சும் வருவாங்க சார்" என்றார்.