165 ஹெர்ட்ஸ் மானிட்டருடன் இரண்டரை வருடம்

பெங்களூரு முருகேஷ்பாளையாவில் என் மேசையில் இருப்பது 24 இன்ச், 1080பி, 165 ஹெர்ட்ஸ், ஐபிஎஸ் பேனல் மானிட்டர். ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு; ஐபிஎஸ், விஏ என்பவை எல்சிடி பேனலின் இரண்டு வகைகள். வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. பகலில் ஆபீஸ் வேலை, ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வாலரன்ட், சனி ஞாயிறில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2; இரண்டும் துப்பாக்கிச் சண்டை கேம்கள். எல்லாம் இதில்தான். இதற்கு முன்னால் வாங்கிய ஒன்றை நான்கே மாதத்தில் விற்றுவிட்டேன். அதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வாங்குகிறவர்கள் பலர் ஏமாறுவது அங்கேதான்.

அது 27 இன்ச், வளைந்த திரை, விஏ பேனல். பெட்டியில் 165 ஹெர்ட்ஸ், 1 எம்எஸ் (பிக்சல் நிறம் மாற ஒரே மில்லிசெகண்ட்) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கறுப்பு நிறம் கறுப்பாகவே தெரியும், படம் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் டஸ்ட் 2 மேப்பில் டனலுக்குள் ஓடிப்போய்ச் சட்டென்று திரும்பினால், சுவரின் நிழல் பகுதி கரியைத் தேய்த்துவிட்டதுபோல் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வரும். மூலையில் இருப்பது ஆளா நிழலா என்று தெரிவதற்குள் சுட்டுவிடுவார்கள். முதலில் இன்டர்நெட் மேல் சந்தேகப்பட்டேன். மும்பை சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரமான பிங் 30 மில்லிசெகண்டைத் தாண்டவே இல்லை. அப்புறம் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டேன். அது நொடிக்கு வரையும் ஃபிரேம் எண்ணிக்கை சீராகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு நாள் கறுப்புப் பின்னணியில் இருந்த பக்கத்தை வேகமாக ஸ்க்ரோல் செய்தபோது, சாம்பல் நிற எழுத்துகள் எல்லாம் வால் முளைத்து ஓடின. அப்போதுதான் புரிந்தது.

விஏ பேனலில் பிக்சல் வெளிச்சமான நிறங்களுக்கு இடையில் வேகமாக மாறும். கறுப்பிலிருந்து கரும்சாம்பலுக்கு மாறத்தான் பல மடங்கு நேரம் எடுக்கும். பெட்டியில் போடுகிற 1 எம்எஸ் என்பது பெரும்பாலும் இருப்பதிலேயே வேகமான ஒரு நிற மாற்றத்தின் கணக்கு, அல்லது பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவைத்து அளந்த எம்பிஆர்டி (நகரும் படத்தின் மங்கல்) கணக்கு. இரண்டுமே அந்த டனலுக்குள் நடப்பதைச் சொல்லாது. நல்ல விஏ பேனல்களும் இருக்கின்றன, ஆனால் நான் வாங்கிய விலையில் அது கிடைக்காது.

ஹெர்ட்ஸ் முக்கியம் இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட் அசையாமல் நிற்கிறது. நம் கண்ணோ நகரும் ஆளைத் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் மங்கல் தெரிகிறது. ஒரு உருவம் நொடிக்கு 960 பிக்சல் வேகத்தில் போனால், 60 ஹெர்ட்ஸில் அதன் ஓரம் 16 பிக்சல் அகலத்துக்குக் கலங்கும், 144-ல் ஏழுக்கும் கீழே, 240-ல் நான்கு. நேரக் கணக்கில் பார்த்தால் 60-லிருந்து 144-க்குப் போகும்போது ஃபிரேமுக்கு கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்ட் மிச்சம். அங்கிருந்து 240-க்குப் போனால் மிச்சமாவது 3-க்கும் குறைவு. போட்டியில் ஆடுகிறவர்களுக்கு அதுவும் பெரிதுதான். எனக்கு அந்தப் பணத்தை நல்ல பேனலில் போடுவது சரியாகப் பட்டது.

இரண்டாவது முறை, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குத் தனியாகப் போகவில்லை, சித்தி பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் தமிழ்க்காரர்.

"பெட்டியிலேயே ஒரு எம்எஸ்னு போட்டிருக்கே தம்பி, அப்புறம் என்ன?"

"இல்லண்ணா, கறுப்புப் பக்கம் ஒண்ணு திறந்து ஓட்டிப் பார்த்துட்டு வாங்குறேன்."

தாராளமாக விட்டார். மூன்று மானிட்டரில் ஒரே பக்கத்தை மேலும் கீழும் ஓட்டினோம். வால் இழுக்காதது எது என்று சித்தி பையன் விலையைப் பார்க்காமலே கை காட்டினான். அதுதான் இன்று என் மேசையில் இருக்கிறது. ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் திருப்பிக் கொடுக்கும் நாட்களுக்குள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்துவிடுங்கள்.

அவனும் ஆறு மாதம் கழித்து ஓசூரில் இதே மாதிரி ஒன்று வாங்கினான். மூன்று வாரம் ஆடிவிட்டு, "அண்ணா, எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல" என்று போன் செய்தான். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போகச் சொன்னேன். ரெஃப்ரெஷ் ரேட் 60-லேயே நின்றிருந்தது. பல கணினிகளில் இது தானாக மாறுவதில்லை, நாம்தான் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டு மவுஸை நகர்த்தியவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இன்னொரு செட்டிங் ஓவர்டிரைவ், பிக்சலை இன்னும் வேகமாக நிறம் மாறவைப்பது. என் மானிட்டரில் மூன்று நிலை. உச்சத்தில் வைத்தால் பிக்சல் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது. ஓடும் ஆளைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரியும், அது மங்கலைவிட மோசம். நடு நிலையில் வைத்தது, இரண்டரை வருடமாக அப்படியே இருக்கிறது. கார்டு தரும் ஃபிரேம் வேகத்துக்கு ஏற்பத் திரையின் ஹெர்ட்ஸை மாற்றும் ஃப்ரீசிங்க் எப்போதும் ஆனில். என்னுடைய கிராஃபிக்ஸ் கார்டு என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். என்விடியா கார்டுகளிலும் 2019 ஜனவரியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் வழியாக ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் வேலை செய்கின்றன. வாலரன்டில் ஃபிரேம் 165-ஐத் தாண்டிப் போவதால் அங்கே பெரிய பலன் இல்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-ல் புகைக் குண்டு வெடித்து ஃபிரேம் 100 பக்கம் இறங்கும்போது, திரை நடுவில் கிழியாமல் இருப்பது நன்றாகவே தெரிகிறது.

இத்தனை நாளில் வந்த தொல்லைகள்: ஒன்பதாவது மாதம், ஆட்டத்தின் நடுவில் திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பி வர ஆரம்பித்தது. பேனல் போய்விட்டது என்றே நினைத்தேன். பெட்டியோடு வந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்தான் காரணம், மாற்றியதும் நின்றது. வலது மேல் மூலையில் ஒரு பச்சைப் பிக்சல் அணையாமல் எரிகிறது. ஒரே ஒரு பிக்சலுக்கு வாரன்டியில் மாற்றித் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வாங்கும் முன்பே அந்த விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டாண்டில் உயரம் கூட்டக் குறைக்க வழி இல்லை. கழுத்து வலித்ததால் சுவரோரம் ஆர்ம் ஒன்றைப் பொருத்தினேன், பின்பக்கம் 100 மில்லிமீட்டர் வெசா துளைகள் இருந்தது வசதியாகப் போயிற்று. இருட்டறையில் இடது கீழ் மூலை வெளுத்துத் தெரியும், ஐபிஎஸ்ஸில் அது இருக்கத்தான் செய்கிறது. மேசைக்குப் பின்னால் சின்ன விளக்கு ஒன்று போட்ட பிறகு அது கண்ணை உறுத்துவதில்லை.

வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் துல்லியமாகக் காட்டும் என்று சொல்லும் எச்டிஆர் 400 ஸ்டிக்கர் இருந்தது. இரண்டு நாள் போட்டுப் பார்த்தேன், நிறம் வெளிறியது, அணைத்துவிட்டேன். அந்த ஸ்டிக்கருக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி மானிட்டரை நண்பன் வீட்டில் ஆடிப் பார்த்தேன். டனல் இருட்டில் ஒரு துளி இழுப்புகூட இல்லை, பிக்சல் அங்கே உடனுக்குடன் மாறிவிடுகிறது. ஆனால் என் திரையில் தினமும் எட்டு மணி நேரம் ஒரே டாஸ்க்பார், ஒரே எடிட்டர் நின்றுகொண்டிருக்கும், ராத்திரி அதே இடத்தில் மினி மேப். அவை தழும்பாகப் பதிந்துவிடும் என்ற பயம் எனக்குப் போகவில்லை. ஆபீஸ் வேலைக்குத் தனித் திரை ஒன்று வரும்வரை இந்த ஐபிஎஸ்தான்.