பழைய ராலே சைக்கிளைக் கழற்றக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வீட்டில் பழைய இங்கிலாந்து சைக்கிள் வைத்திருப்பவர்கள், அதைப் புதுப்பிக்கக் கொடுக்கலாம் என்று யோசிப்பவர்கள், தயவுசெய்து கவனியுங்கள். ஏமாற்று வேலை பெயின்ட் அடிக்கும்போது நடப்பதில்லை. வண்டியை அக்கக்காகக் கழற்றிப் போடும்போதே நடந்து முடிந்துவிடுகிறது.

எங்களுடையது அப்பா ஓட்டிய ராலே. 1950களில் நாட்டிங்காமில் செய்த வண்டி. மன்னார்குடிப் பக்கம் கிராமப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக அதில்தான் போய்வந்தார். அவர் காலத்துக்குப் பிறகு மாட்டுக்கொட்டகையில் கிடந்து ரிம், மட்கார்டு எல்லாம் துரு ஏறிவிட்டது. ஆனாலும் அத்தனை பாகமும் ஒரிஜினல்: பின்சக்கரத்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் (சக்கரத்தின் நடு உருளை; கியர் அதற்குள்ளேயே இருக்கும்), புரூக்ஸ் தோல் சீட், கொக்குத் தலை வெட்டிய செயின் வீல்.

பழைய சைக்கிள்களைப் புதுசாக்கி வீடியோ போடும் ஒருவரிடம் திருச்சியில் கொடுத்தேன். "அண்ணே, எதையும் மாத்த வேண்டாம், இருக்கிறதையே சரிபண்ணிக் கொடுங்க. கழட்டும்போது கூப்பிடுங்க, நான் வந்துடுறேன்" என்று சொல்லித்தான் முன்பணம் கொடுத்தேன். சரி சரி என்றார். கூப்பிடவே இல்லை.

வண்டி பளபளவென்று வந்தது. பின்சக்கரத்தைப் பார்த்தால் கியர் ஹப்பைக் காணோம். சாதா ஃப்ரீவீல் ஹப். சீட்டும் வேறு. கேட்டதற்கு, "உள்ள கியர் ஜாம் ஆயிருச்சு சார், ஸ்பேர் கிடைக்காது. பழசெல்லாம் காயலான் கடைக்குப் போட்டாச்சு" என்றார்.

இது பச்சைப் பொய். அந்த ஹப் 1930களில் வந்து, பல பத்தாண்டுகள் லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. உள்பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஜாம் என்பதும் பெரும்பாலும் உள்ளே காய்ந்து இறுகிய எண்ணெய்தான். மேலே இருக்கும் எண்ணெய்த் துளையில் லேசான எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவைத்தால் இளகிவிடும். எங்கள் ஹப்பில் '56 3' என்று அடித்திருந்தது, அதாவது 1956 மார்ச். கொடுப்பதற்கு முன்பே அதைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன்.

அப்புறம் அந்த சீட் ஒரு விற்பனை விளம்பரத்தில் வந்தது. ஒரு ரிவிட் பிய்ந்துபோனதால் மன்னார்குடியில் செருப்புத் தைப்பவரிடம் அப்பா வேறொரு ரிவிட் அடித்து வாங்கியிருந்தார். மற்றவற்றைவிட அகலமான, கொஞ்சம் கோணலான செப்பு ரிவிட். படத்தில் அது தெளிவாகத் தெரிகிறது. காயலான் கடைக்குப் போன சீட் விளம்பரத்துக்கு எப்படி வந்தது? இதைக் கேட்ட நாளிலிருந்து அவர் என் போனை எடுப்பதில்லை.

திருட்டு ஒரு பக்கம் என்றால், கழற்றிய விதம் இன்னும் கொடுமை. பெடல் மிதிக்கும்போது கரகரவென்று சத்தம் வந்ததால் எங்கள் ஊர் மெக்கானிக் பெரியவரிடம் காட்டினேன். அவர் பிரித்துக் காட்டியபோது வயிறு எரிந்தது. பெடல் மாட்டிய கிராங்கை நடு அச்சோடு இறுக்கிப் பிடிப்பது காட்டர் பின் என்ற ஆப்பு. அதைத் தட்டி எடுக்கும்போது கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சுத்தியல் அடி முழுக்க அச்சைத் தாங்கும் பால்ஸிலும் அவை உருளும் கப்பிலும் இறங்கும். இங்கே கப் முழுக்கக் குழி விழுந்திருந்தது. செயின் பக்கத்துக் கப் இடமரை; வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். அது தெரியாமல் உளி வைத்து எதிர்ப்பக்கம் அடித்து மரையை நசுக்கியிருக்கிறார்கள். ராலே தன் வண்டிகளுக்கு அங்குலத்துக்கு 26 மரை போட்டது, மற்ற பிரிட்டிஷ் கம்பெனிகள் பெரும்பாலும் 24. எங்கள் வண்டியில் 24 மரைக் கப்பைத் திணித்து, நிற்காததால் வெல்டிங் பொட்டு வைத்து, மேலே தடிமனாக பவுடர் கோட்டிங். உளி வெட்டு, வெல்டிங், ஃப்ரேமில் ஓடிய தங்கக் கோடு எல்லாமே அதற்கடியில் புதைந்துவிட்டன.

கொடுக்கப் போகிறவர்கள் ஹப்பில் உள்ள எண், ஃப்ரேம் எண், சீட்டின் அடிப்பக்கம், செயின் வீல் எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுங்கள். துருவோடு இருக்கும்போதே எடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான் கழற்ற வேண்டும். மாற்றிய பழைய பாகங்கள் அனைத்தும், உடைந்ததாகவே இருந்தாலும், திருப்பித் தரப்படும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் வண்டியை விடாதீர்கள். கிராங்கை எப்படிக் கழற்றுவீர்கள் என்று சும்மா பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இடமரை பற்றி அவராகச் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. நான் படங்களோடும் ரசீதோடும் மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். '56 3' எண் போட்ட கியர் ஹப்பை யாராவது விற்க வந்தால் வாங்கிவிடாதீர்கள். எனக்குத் தகவல் சொல்லுங்கள்.