ஸ்வார்ம் செயலி: போன ஊர்களின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

காரைக்குடியில் சாப்பிட்ட அந்த மெஸ்ஸின் பெயர் என்ன என்று ஆறு மாதம் கழித்து யாராவது கேட்டால், கைபேசியில் படங்கள் நூறு இருக்கும், பெயர் இருக்காது. அந்தப் பெயரையும் தேதியையும் நேரத்தையும் நின்ற இடத்திலேயே பிடித்து வைப்பதுதான் ஸ்வார்மின் வேலை. நண்பர்களுக்குக் காட்ட வேண்டும் என்று இதை நிறுவினால் ஏமாற்றமே மிஞ்சும். நம் ஊர்களில் இதைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. சொந்த நாட்குறிப்பாக வைத்துக்கொண்டால் இதற்கு இணையான செயலி இன்னும் வரவில்லை.

வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் குழப்பம் குறையும். டென்னிஸ் க்ரௌலியும் நவீன் செல்வதுரையும் 2009 மார்ச்சில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஃபோர்ஸ்கொயர் என்ற செயலியை அறிமுகப்படுத்தினார்கள். செக்-இன் (நிற்கும் இடத்தைப் பதிவது), மேயர் பட்டம், பேட்ஜ் என்ற பரிசுச் சின்னம் எல்லாம் அப்போது ஒரே செயலிக்குள் இருந்தன. 2014 மே மாதம் அதை இரண்டாகப் பிரித்தார்கள். செக்-இன் ஸ்வார்முக்குப் போனது. உணவகம் தேடுவதும் குறிப்புகள் படிப்பதும் ஃபோர்ஸ்கொயரில் தங்கின. அந்த இரண்டாவது செயலியை 2024 டிசம்பர் 15 அன்று மூடிவிட்டார்கள். ஆகவே பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு ஃபோர்ஸ்கொயர் செயலியைத் தேடாதீர்கள். பழைய கணக்கு இருந்தால் அதே கணக்கில் ஸ்வார்முக்குள் நுழையலாம், பழைய செக்-இன்களும் அங்கேயே இருக்கும்.

பயன்படுத்துவது எளிது. செக்-இன் பொத்தானைத் தட்டினால் அருகிலுள்ள இடங்களின் பட்டியல் வரும். இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு வரி குறிப்பு எழுதி, படம் சேர்க்க வேண்டுமானால் சேர்த்து, உறுதி செய்தால் முடிந்தது. பத்து நொடி வேலை. செக்-இன் செய்தால் கிடைக்கும் நாணயம், மேயர் பட்டம் என்ற விளையாட்டும் உண்டு. கடந்த 30 நாட்களில் ஓர் இடத்தில் அதிகமாகச் செக்-இன் செய்தவரே மேயர். பயணிக்கு இதனால் பயனில்லை, இரண்டு நாள் தங்கும் ஊரில் மேயராகி ஆகப்போவது ஒன்றுமில்லை.

சிக்கல் எல்லாம் அந்தப் பட்டியலில்தான். திறந்த வானத்தின் கீழே கைபேசியின் ஜிபிஎஸ் ஏறக்குறைய ஐந்து மீட்டர் பிழைக்குள் இடத்தைச் சொல்லிவிடும். இரண்டு பக்கமும் கட்டடம் நெருக்கும் தெருவில் அலைகள் சுவரில் பட்டுத் திரும்புவதால் பிழை பல பத்து மீட்டராகிவிடும். தி.நகர் ரங்கநாதன் தெருவில் பல பத்து மீட்டர் என்றால் எத்தனை கடை! அதோடு மாடிக்கடையா, தரைத்தளமா என்பது ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது. எனவே பட்டியலின் முதல் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டக் கூடாது, பெயர்ப் பலகையைப் பார்த்துத் தட்ட வேண்டும்.

பட்டியலில் வரும் இடங்கள் எல்லாம் சில கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஜிபிஎஸ்மேல் பழியில்லை. செயலிக்குத் துல்லியமான இருப்பிட அனுமதி கொடுக்கவில்லை என்று பொருள். ஐபோனில் ஐஓஎஸ் 14 முதலும், ஆண்ட்ராய்டில் 12 முதலும் தோராயமான இடத்தை மட்டும் கொடுக்கும் வசதி இருக்கிறது. நிறுவும்போது அவசரத்தில் அதைத் தட்டிவிட்டால் பட்டியல் கடைசிவரை சரியாக வராது. கைபேசி அமைப்புகளில் ஸ்வார்முக்கு உரிய அனுமதிக்குள் போய் மாற்றுங்கள்.

ரயிலில் வேறு சிக்கல். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் சுமார் 28 மீட்டர் கடக்கிறது. கைபேசி அரை நிமிடம் பழைய இடத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் 800 மீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருப்போம். வண்டி நின்ற பிறகு பட்டியலைக் கீழே இழுத்துப் புதுப்பித்து, அதன் பிறகு தட்டுவதே சரி.

இடங்களின் பெயர்களைப் பயனர்களே சேர்த்ததால் இரட்டைப் பதிவுகள் உண்டு. தமிழ்ப் பெயர்களில் இது இன்னும் கூடுதல், காரணம் நம் ழகரம். கங்கைகொண்ட சோழபுரத்தை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஒரு எழுத்துக்கூட்டில் கிடைக்காவிட்டால் இன்னொன்றில் தேடுங்கள், தமிழ் எழுத்திலும் ஒருமுறை தேடுங்கள். பல பதிவுகள் வந்தால் அதிகமானோர் செக்-இன் செய்திருப்பதை எடுங்கள். எதுவுமே இல்லாதபோதுதான் புதிய இடம் சேர்க்க வேண்டும். அப்போது வகையைச் சரியாகக் கொடுப்பது முக்கியம்: டீக்கடையை உணவகம் என்று போட்டுவிட்டால், பின்னால் வகை வாரியாகப் பழைய செக்-இன்களைத் தேடும்போது அது வராது.

கோயில் பயணம் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் கைபேசியை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போக முடியும். ஆகவே ஒப்படைக்கும் முன்பே செக்-இன் செய்துவிடுங்கள். கோபுரத்துக்கு வெளியே நிற்பதால் பட்டியலில் சித்திரை வீதிக் கடைகளே முதலில் வரும், கோயில் பெயரைத் தட்டச்சு செய்துதான் எடுக்க வேண்டும். திரும்பி வந்து செய்யலாம் என்று விட்டால் செருப்பு, பை, குழந்தை என்ற பரபரப்பில் மறந்துபோகும்.

மறந்தால் வழி இல்லாமல் இல்லை. எப்போதும் இருப்பிடம் அறிய ஸ்வார்முக்கு அனுமதி கொடுத்திருந்தால், நாம் சற்று நேரம் நின்ற இடங்களை அது ஊகித்து வைத்திருக்கும். வரலாற்றுப் பக்கத்தில் போய் உறுதி செய்தால் போதும். இதற்கு விலை பேட்டரி. ரெட்மி, விவோ போன்ற கைபேசிகளில் பேட்டரி சேமிப்பு அமைப்பு பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடுவதால், ஸ்வார்முக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினால்தான் ஊகம் வேலை செய்யும். என் பரிந்துரை: பின்னணி அனுமதி வேண்டாம், கையால் பதியுங்கள். கையால் பதியும்போதுதான் குறிப்பு எழுதுவோம். ‘காலை 11 மணிக்கே மீன் குழம்பு தீர்ந்துவிடும்’, ‘பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ, மினி பஸ் இரண்டும் உண்டு’ போன்ற ஒரு வரிதான் அடுத்த முறை உதவும். ‘அருமை’ என்று எழுதினால் எதற்கும் உதவாது.

பாதுகாப்பு பற்றிக் கண்டிப்பாகப் பேச வேண்டும். 2010 பிப்ரவரியில் ‘ப்ளீஸ் ராப் மீ’ என்ற இணையதளம் வந்தது. ட்விட்டரில் பொதுவாகப் பகிரப்பட்ட ஃபோர்ஸ்கொயர் செக்-இன்களைத் திரட்டி, யார் வீட்டில் ஆளில்லை என்பது எவ்வளவு எளிதாகத் தெரிகிறது என்று காட்டியது. 2012 மார்ச்சில் ‘கேர்ல்ஸ் அரவுண்ட் மீ’ என்ற செயலி செக்-இன்களையும் ஃபேஸ்புக் விவரங்களையும் இணைத்து, அருகிலிருக்கும் பெண்களை வரைபடத்தில் காட்டியது. ஃபோர்ஸ்கொயர் அதன் தொடர்பைத் துண்டித்தது. இரண்டிலும் ஆபத்து வந்த வழி ஒன்றே: செக்-இன் தன் வட்டத்தைத் தாண்டி இன்னொரு தளத்துக்குப் போனது. எனவே சமூக ஊடக இணைப்புகளை அணைத்துவிடுங்கள். செக்-இன் திரையில் உள்ள பூட்டுக் குறியைத் தட்டினால் பதிவு உங்களுக்கு மட்டும் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் பயணம் முழுவதும் இப்படியே பதியுங்கள், குறிப்பாகத் தனியாகப் போகும் பெண்கள் தங்கும் விடுதியைப் பதியும்போது. சொந்த வீட்டையோ உறவினர் வீட்டையோ பொது இடமாகச் சேர்க்கவே கூடாது. அதற்கென்று தனிப்பட்ட வீடு என்ற வகை இருக்கிறது. படங்களிலும் ஜிபிஎஸ் விவரம் ஒளிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், ‘டாகுமெண்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால், கூகுள் மேப்ஸ் டைம்லைன் தானாகவே எல்லாவற்றையும் பதியும். ஆனால் 2024 முதல் அந்தப் பதிவு கைபேசிக்குள்ளேயே இருக்கும்படி மாற்றிவிட்டார்கள். காப்புப் பிரதியை நாமே இயக்காவிட்டால் கைபேசி தொலைந்த அன்றே வரலாறும் தொலையும். 2025 மார்ச்சில் தொழில்நுட்பக் கோளாறால் சிலரின் பதிவு அழிந்ததைக் கூகுளே ஒப்புக்கொண்டது. காப்பு வைத்திருந்தவர்களால்தான் மீட்க முடிந்தது. ஒரு நீண்ட பயணத்தை வழித்தடத்தோடும் படங்களோடும் குடும்பத்துக்குக் காட்ட வேண்டுமானால் போலார்ஸ்டெப்ஸ் என்ற செயலி நல்லது. நெட்வொர்க் இல்லாத மலைப்பாதையிலும் வழியைப் பதிந்து, பிறகு சேர்த்துவிடும். லடாக் போகிறவர் அதை வைத்துக்கொள்ளட்டும். வாரக் கடைசியில் கும்பகோணம், மாதம் ஒருமுறை கோவை என்று ஆண்டு முழுக்கச் சிறிது சிறிதாகப் பயணம் செய்பவருக்கு ஸ்வார்ம்தான் பொருந்தும், ஏனென்றால் இதில் பயணம் தொடக்கம், முடிவு என்று எதையும் அறிவிக்க வேண்டியதில்லை.

மூடப்பட்ட சேவைகளின் பட்டியல் இந்தத் துறையில் நீளம். ஃபோர்ஸ்கொயருக்குப் போட்டியாக இருந்த கொவாலாவின் குழுவை ஃபேஸ்புக் 2011 இறுதியில் எடுத்துக்கொண்டது, 2012-ல் சேவை நின்றது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை ஸ்வார்ம் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் உங்கள் தரவைக் கேட்டுப் பெறுங்கள். கேட்ட உடனே கோப்பு வராது, மின்னஞ்சலில் இணைப்பு வரும். அதைப் பதிவிறக்கித் திறந்து, கடைசிப் பயணம் வரை இருக்கிறதா என்று பார்க்கும் வரை கணக்கை நீக்காதீர்கள்.