பிரபுக்கள் அவை: கலைப்பதா, திருத்த அவையாகத் தொடரவிடுவதா?

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவையை அறவே கலைத்துவிடுவது ஒரு வழி. தேர்தலின்றியே அதை, மசோதாக்களை ஆராய்ந்து திருத்தும் அவையாக, அதாவது திருத்த அவையாக, தொடரவிடுவது மற்றொரு வழி. கலைக்க வேண்டும் என்போரின் வாதம் எளிமையானது: வாக்காளர் தேர்ந்தெடுக்காத, வாக்கால் நீக்கவும் முடியாத உறுப்பினர்கள், அவர்களுள் இங்கிலாந்துத் திருச்சபையின் 26 ஆயர்களும் அடங்க, சட்டத்தைத் திருத்துவது மக்களாட்சிக்குப் பொருந்தாது. நியூசிலாந்து தன் நியமன மேலவையை 1950-இல் சட்டமியற்றிக் கலைத்தது. இன்றளவும் ஓரவையுடனேயே இயங்குகிறது.

தொடர வேண்டும் என்ற வாதமோ ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1911, 1949 ஆண்டுகளின் நாடாளுமன்றச் சட்டங்களுக்குப் பின், பிரபுக்கள் பெரும்பாலான மசோதாக்களை ஏறத்தாழ ஓராண்டும், நிதி மசோதாவை ஒரு மாதமும் மட்டுமே தாமதப்படுத்த முடியும். ஆயினும், நாடாளுமன்றத்தின் ஆயுளை ஐந்தாண்டுக்கு மேல் நீட்டிக்க, தேர்ந்தெடுக்கப்பட்ட கீழவையான மக்களவை முனைந்தால், அதைத் தடுக்கும் முழு அதிகாரம் இன்னமும் அவர்களிடமே இருக்கிறது. ஒரே ஆவணமாக எழுதப்பட்ட அரசியலமைப்பு இல்லாத நாட்டில் இது சிறிய காப்பு அன்று.

இருந்தும் என் மனம் கலைப்பதன் பக்கமே சாய்கிறது; ஆனால் அந்தக் காப்பை வேறொரு வகையில் முன்கூட்டியே உறுதிசெய்யாமலும், மசோதாக்களை வரிவரியாக ஆராயும் குழுக்களை மக்களவையில் வலுப்படுத்தாமலும் அவையின் கதவை மூடுவதை நான் ஏற்கமாட்டேன்.