பெரம்பூர் ஞாயிறு சேர்ப்பியல் வகுப்பு: ஒரு மதிப்புரை

சென்னையில் உயர்கணிதம் என்றாலே ஆய்வு நிறுவனங்கள் இருக்கும் தரமணியும் சிறுசேரியும்தான் நினைவுக்கு வரும். திருவொற்றியூரிலோ கொளத்தூரிலோ வசிக்கும் ஒரு மாணவர், அங்கு நடக்கும் பொதுச் சொற்பொழிவு ஒன்றைக் கேட்பதற்கே ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. இந்நிலையில், ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் பெரம்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஞாயிறு காலைகளில் நடத்திவரும் பத்து வார வகுப்பில், இளங்கலைக் கணிதம் படிக்கும் தங்கையோடு நானும் சேர்ந்தேன். கட்டணம் 2,000 ரூபாய். பொருள்களை எண்ணுவது, அடுக்குவது, பிரிப்பது பற்றிய கணிதமே சேர்ப்பியல்; கணிதத்தின் வெவ்வேறு துறைகளில் அதன் முறைகள் எவ்வாறு பயன்படுகின்றன என்பதே பாடப்பொருள்.

பதினோராம் வகுப்பில் ‘மிஸிஸிப்பி’ என்ற சொல்லின் எழுத்துகளை எத்தனை விதமாக மாற்றி அடுக்கலாம் என்று கணக்கிட்டதோடு சேர்ப்பியலுக்கு விடைகொடுத்தவர்களே நம்மில் பெரும்பாலோர். இங்கே அந்தச் சூத்திரங்களுக்கு அதிக வேலை இல்லை. முதல் வாரம் புறாக்கூண்டுத் தத்துவத்தில் தொடங்கியது: கூண்டுகளைவிடப் புறாக்கள் அதிகமானால், ஏதேனும் ஒரு கூண்டில் இரண்டாவது இருக்கும். 2-இன் வர்க்கமூலத்தை 0 முதல் 10 வரையுள்ள எண்களால் பெருக்கினால் கிடைக்கும் பதினொரு தசமப் பகுதிகளைப் பத்துச் சம இடைவெளிகளில் வைத்தால், ஏதேனும் இரண்டு ஒரே இடைவெளியில் விழுந்தே தீரும். அவற்றின் வித்தியாசத்தை எடுத்தால், பத்துக்கு மிகாத ஒரு மடங்கு, ஒரு முழு எண்ணிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தொலைவில் இருப்பது உறுதியாகிறது. ஐந்தால் பெருக்கினால் 7.071 வருகிறது, 7/5 என்ற நல்ல தோராயம் கைக்குக் கிடைத்துவிடுகிறது. விகிதமுறா எண்களைப் பற்றி டிரிக்லே நிறுவிய தேற்றம் இவ்வளவு எளிய வாதத்தில் அடங்கியிருப்பதை, பள்ளியில் கணிதம் கற்பிக்கும் நான் அதுவரை இப்படிப் பார்த்ததில்லை.

வகுப்பின் சிகரம் ஷூர் தேற்றத்துக்கு ஒதுக்கப்பட்ட வாரம். ஆசிரியர் பலகையில் 1 முதல் 5 வரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் சிவப்போ நீலமோ பூசும்படி வியாசர்பாடியிலிருந்து வந்த மாணவர் ஒருவரை அழைத்தார். ஒரே நிறத்தில் இரு எண்களும் அவற்றின் கூட்டுத்தொகையும் அமைந்துவிடக் கூடாது. ஓர் எண்ணைத் தன்னோடே கூட்டுவதும் கணக்கில் சேரும் என்பதுதான் விதி. 1-க்குச் சிவப்பு என்றால் 2 நீலமாக வேண்டும். 2 நீலமானால் 4 சிவப்பு. 1-உம் 4-உம் சிவப்பானால் 3 நீலம். “சார், அஞ்சு எந்தப் பக்கமும் போக மாட்டேங்குது” என்று அவர் சாக்பீஸோடு நின்றார். சிவப்பாக்கினால் 1-உம் 4-உம் தடுக்கின்றன, நீலமாக்கினால் 2-உம் 3-உம் தடுக்கின்றன. எத்தனை நிறங்கள் எடுத்துக்கொண்டாலும், போதிய அளவு பெரிய எண்வரிசையில் இதே நெருக்கடி வந்தே தீரும் என்று 1916-இல் இசாய் ஷூர் நிறுவினார்.

அவர் இதை நாடியது விளையாட்டுக்காக அன்று. xⁿ + yⁿ = zⁿ என்ற ஃபெர்மாவின் சமன்பாட்டை ஒரு பகா எண்ணால் வகுத்து வரும் மீதிகளை மட்டும் வைத்து ஆராய்ந்தால், அதற்குத் தீர்வே இல்லை என்று காட்ட முடியுமா என்பதுதான் பின்னணியிலிருந்த கேள்வி. முடியாது என்று டிக்சன் 1909-இல் காட்டியிருந்ததை ஷூர் எளிய வழியில் நிறுவினார். பூச்சியமல்லாத மீதிகளை, குறிப்பிட்ட அடுக்கின் அடிப்படையில் வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நிறம் கொடுத்தால், நிறங்களின் எண்ணிக்கை அந்த அடுக்கைத் தாண்டாது. பகா எண் போதிய அளவு பெரியதானால் ஒரே நிறத்தில் ஒரு கூட்டல் அமையும்; பொதுக் காரணியை நீக்கினால், மீதிகளின் உலகில் ஃபெர்மாவின் சமன்பாட்டுக்குத் தீர்வு கிடைத்துவிடும். ஆகவே அந்த வழி அடைபட்டது. நிறம் பூசும் கணக்கு எண் கோட்பாட்டின் ஒரு கதவை மூடிய விதத்தை இரண்டு மணி நேரத்தில் இவ்வளவு தெளிவாகக் கேட்டதற்கே கட்டணம் தகும். அடுத்த வாரம், போதிய அளவு பெரிய அமைப்புக்கு எப்படி நிறம் பூசினாலும் அதற்குள் ஒரே நிறப் பகுதி ஒன்று இருந்தே தீரும் என்கிற, 1930-இல் வெளிவந்த ராம்சே தேற்றத்தைக் கொண்டு இதையே சில வரிகளில் மீண்டும் நிறுவிக் காட்டினார்.

குறைகளும் உண்டு. பாடக் குறிப்புகளைக் கையால் அழகாக எழுதி, கீழ்க்கடையிலேயே பிரதி எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் கறுப்பு-வெள்ளைப் பிரதியில் சிவப்புக் கோடும் நீலக் கோடும் ஒரே கறுப்பாகத்தான் தெரிகின்றன. நிறங்களை நம்பியே நடக்கும் ஒரு பாடத்துக்கு இது சிறிய குறையன்று. ஒன்றைத் தொடர்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் வரைந்தாலே போதும்.

வடிவங்களை இழுத்தாலும் வளைத்தாலும் மாறாத பண்புகளை ஆராயும் இடத்தியலின் வாரம் பாதி வெற்றி. சிறு முக்கோணங்களாகப் பிரித்த ஒரு முக்கோணத்தின் முனைகளுக்கு விதிப்படி மூன்று நிறங்கள் பூசினால், மூன்று நிறமும் கொண்ட சிறு முக்கோணம் ஒன்றாவது இருக்கும் என்கிற, 1928-இல் வந்த ஸ்பெர்னரின் துணைத்தேற்றத்தை, சிறு முக்கோணங்களை அறைகளாகவும் இரு நிற முனைகள் கொண்ட பக்கங்களைக் கதவுகளாகவும் கொண்டு, வெளியிலிருந்து நுழைபவர் எங்கே முடங்குவார் என்று கேட்டு நிறுவிய விதம் அருமை. அங்கிருந்து, ஒரு வட்டத் தகட்டைத் தனக்குள்ளேயே தொடர்ச்சியாக நகர்த்தினால் ஒரு புள்ளியாவது இடம் மாறாமல் நிற்கும் என்கிற பிரௌவரின் நிலைப்புள்ளித் தேற்றத்துக்குச் செல்லும் எல்லை வாதத்தையோ, மெய்ப்பகுப்பாய்வு இன்னும் படித்திராத முதலாண்டு மாணவர்களுக்கு எந்த முன்னேற்பாடும் இல்லாமல், கடைசிப் பத்து நிமிடங்களில் ஓட்டிவிட்டார். தங்கை உட்படப் பலரும் அங்கே நூலைத் தவறவிட்டார்கள்.

வடசென்னையில் கணிதம் பேச வருபவர்கள், ராமானுஜன் 1912-இல் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்ததைச் சொல்லி முதல் ஐந்து நிமிடங்களிலேயே கைதட்டல் வாங்கிவிடுவது வழக்கம். இவர் அவரை எட்டாம் வாரத்தில்தான் அழைத்தார். அதுவும் எதிர்த்திசைக்கு, அதாவது பிற துறை சேர்ப்பியலுக்கு உதவுவதற்கு, எடுத்துக்காட்டாக. 100-ஐ எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்பது தூய எண்ணிக்கைக் கேள்வி, விடை 19,05,69,292. ஆனால் ஹார்டியும் ராமானுஜனும் 1918-இல் அதை அணுகியது கலப்பெண் பகுப்பாய்வின் வழியாக.

இறுதி வாரம் கதையாகவே கழிந்தது. முழு எண்களில் அடர்த்தி குறையாத எந்தத் தொகுப்பிலும் எவ்வளவு நீளமான கூட்டுத் தொடரும் (சம இடைவெளியில் அமைந்த எண்கள்) கிடைக்கும் என்று செமெரெடி 1975-இல் நிறுவியதை, 1977-இல் ஃபர்ஸ்டன்பர்க், இயங்கும் அமைப்புகளின் நீண்டகாலப் போக்கை ஆராயும் எர்கோடிக் கோட்பாட்டால் மீண்டும் நிறுவியதும், பகா எண்களிலும் அப்படியே கிடைக்கும் என்று பென் கிரீனும் டெரன்ஸ் டாவும் 2004-இல் காட்டியதும் பெயர்களாக வந்து போயின. 5, 11, 17, 23, 29 என்ற ஒரு தொடரைத் தவிர மாணவர்கள் கையால் செய்து பார்க்க எதுவுமில்லை. அதற்குப் பதிலாக, முடிவுறு களங்களில் (குறிப்பிட்ட எண்ணிக்கையிலான எண்களே கொண்ட எண் அமைப்புகளில்), எல்லாத் திசையிலும் ஒரு கோட்டைக் கொண்ட தொகுப்பு எவ்வளவு சிறியதாக இருக்க முடியும் என்று கேட்கும் ககேயா கணக்கை ஸேவ் துவிர் பல்லுறுப்புக்கோவைகளால் தீர்த்த 2008-ஆம் ஆண்டு நிறுவலை எடுத்திருக்கலாம். மிகச் சுருக்கமான அதை இவ்வகுப்பால் நிச்சயம் தாங்கியிருக்க முடியும்.

நுழைவுத் தேர்வுக்குக் குறுக்குவழி தேடி வருபவர்களுக்கு இங்கே எதுவும் இல்லை. அப்படிச் சேர்ந்த சிலர் மூன்றாம் வாரமே நின்றுவிட்டார்கள். இளங்கலை இரண்டாமாண்டைத் தாண்டியவர்களுக்கும் மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். அடுத்த பிரிவு பொங்கலுக்குப் பின் தொடங்குகிறது. முதல் வகுப்பைக் கட்டணமின்றிக் கேட்டுவிட்டுச் சேரலாம்.