ஓரிக்கோ 2139யு3: பழைய லேப்டாப் ஹார்டு டிஸ்க்குக்கு ஏற்ற கேசிங்

லேப்டாப்பில் இருந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத, வேகமான சேமிப்பகம்) மாட்டியவர்கள் பலரிடம் அந்தப் பழைய டிஸ்க் மேசை இழுப்பறையில் சும்மா கிடக்கிறது. பெரும்பாலும் 500 ஜி.பி. அல்லது 1 டி.பி. கொள்ளளவு கொண்ட அந்த டிஸ்க்கை வெளியிலிருந்து யூ.எஸ்.பி. வழியாகப் பயன்படுத்த ஒரு கேசிங், அதாவது டிஸ்க்கை உள்ளே வைத்து இணைக்கும் பெட்டி, போதும். அதற்காக நான் வாங்கியது ஓரிக்கோ நிறுவனத்தின் 2139யு3. இதில் நிமிடத்துக்கு 5,400 சுற்றுகள் சுழலும் லேப்டாப் ஹார்டு டிஸ்க் ஒன்றையும், 2.5 அங்குல சாட்டா (டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் வழக்கமான முறை) எஸ்.எஸ்.டி. ஒன்றையும் மாற்றி மாற்றி மாட்டிப் பயன்படுத்தி வருகிறேன். பழைய ஹார்டு டிஸ்க்குக்கு இதைவிட விலை கூடிய கேசிங் தேவையில்லை என்பதே என் முடிவு. ஆனால் எந்த கேசிங்கை வாங்கினாலும் பெட்டியின் அழகைவிட உள்ளே இருக்கும் சிறிய சர்க்யூட் போர்டையும் அதனுடன் வரும் கேபிளையும்தான் பார்க்க வேண்டும்.

பெட்டி முழுவதும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளே எந்த டிஸ்க் இருக்கிறது என்பதை லேபிளோடு படிக்க முடிவதால், இரண்டு மூன்று டிஸ்க்குகள் வைத்திருப்பவர்களுக்கு இது மிகவும் வசதி. மாட்டுவதற்கு ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். மூடியை விரலால் தள்ளினால் நகர்ந்து வந்துவிடும். சாட்டா இணைப்பில் தகவலுக்கு 7, மின்சாரத்துக்கு 15 என மொத்தம் 22 தொடுமுனைகள் உள்ளன. இரண்டு பகுதிகளும் ‘எல்’ வடிவில் இருப்பதால் டிஸ்க்கைத் தலைகீழாகச் செருக முடியாது. டிஸ்க்கின் அடிப்பக்கச் சர்க்யூட்டில் விரல் படாமல் இரு ஓரங்களையும் பிடித்து, பெட்டியின் தரையோடு படுக்கைவாட்டில் வைத்து, நேராகத் தள்ள வேண்டும். சாய்வாக அழுத்தினால் போர்டில் பற்ற வைத்திருக்கும் இணைப்பு மெல்ல மெல்லப் பெயரும். 9.5 மி.மீ. தடிமனுள்ள ஹார்டு டிஸ்க் இறுக்கமாக உட்கார்ந்துகொள்கிறது. 7 மி.மீ. டிஸ்க்காக இருந்தால் மேலே ஒரு மெல்லிய ஸ்பாஞ்சு வைத்துவிடுவது நல்லது. கையில் எடுக்கும்போது உள்ளே ஆடுகிற டிஸ்க், இணைப்பையும் சேர்த்து ஆட்டும்.

இனி உள்ளே இருக்கும் போர்டு. சாட்டா மொழியில் பேசும் டிஸ்க்குக்கும் யூ.எஸ்.பி. மொழியில் பேசும் கணினிக்கும் நடுவில் ஒரு சிப் மொழிபெயர்த்துக்கொண்டே இருக்கிறது. கேசிங்கின் வேகம், நிதானம், உள்ளே இருக்கும் டிஸ்க்கின் உடல்நிலையை வெளியே சொல்லும் திறன் எல்லாம் அந்தச் சிப்பைப் பொறுத்தவை. ஜேமைக்ரான் ஜேஎம்எஸ்578, ஏஎஸ்மீடியா ஏஎஸ்எம்1153இ போன்ற சிப்புகள் பரவலாகப் பயன்படுகின்றன. பழைய முறையில் கணினி ஒரு கட்டளையை அனுப்பி, அது முடியும்வரை காத்திருந்துதான் அடுத்ததை அனுப்பும். யூ.ஏ.எஸ்.பி. என்ற புதிய முறையில் பல கட்டளைகள் வரிசையாக நிற்கலாம். டிஸ்க் தனக்கு வசதியான வரிசையில் அவற்றை முடிக்கும். சிறு சிறு கோப்புகளை ஆயிரக்கணக்கில் நகலெடுக்கும்போது எஸ்.எஸ்.டி.யில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரிகிறது. விண்டோஸ் 8 முதல் இதற்கான ஆதரவு உள்ளேயே இருக்கிறது.

வேகத்தைப் பற்றி அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். யூ.எஸ்.பி. 3.0 என்றால் விநாடிக்கு 5 கிகாபிட். ஆனால் ஒவ்வொரு 8 பிட் தகவலும் கம்பியில் 10 பிட்டாகப் பயணிப்பதால், உச்ச அளவே 500 எம்.பி.தான், மற்ற செலவுகள் போக எஸ்.எஸ்.டி.க்கு 400 எம்.பி.யை ஒட்டிக் கிடைத்தாலே நல்ல கேசிங். அதே எஸ்.எஸ்.டி. லேப்டாப்புக்குள் 550 எம்.பி. வரை போகக்கூடியது என்பதால் இங்கே கொஞ்சம் இழக்கிறோம். பழைய ஹார்டு டிஸ்க்குக்கு அந்தக் கவலையே இல்லை. அது எங்கே இருந்தாலும் விநாடிக்கு 100 எம்.பி.யைச் சுற்றித்தான் தரும்.

கேபிள்தான் இந்தக் கேசிங்கில் எனக்கு முழுத் திருப்தி தராத பகுதி. இதில் இருப்பது டைப்-சி அல்ல, அகலமான மைக்ரோ-பி. அந்த முனை இரண்டு துண்டுகள் சேர்ந்தது போலத் தெரியும். பெரிய துண்டு பழைய யூ.எஸ்.பி. 2.0 இணைப்பு, பக்கத்திலுள்ள சிறியது வேகத்துக்கான கூடுதல் 5 தொடுமுனைகள். முனை சரியாக அமராமல் சிறிய துண்டு மட்டும் விலகினால் டிஸ்க் வேலை செய்யும், ஆனால் 35, 40 எம்.பி. வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். வேகம் திடீரென்று குறைந்தால் டிஸ்க்கைச் சந்தேகிக்கும் முன் முனையைக் கழற்றி நேராகச் செருகிப் பாருங்கள். புதிதாக வாங்குபவர்களுக்கு, இதே வடிவில் டைப்-சி முனையோடு வரும் 2139சி3யைப் பரிந்துரைப்பேன்.

மின்சாரமும் இந்தக் கேபிள் வழியேதான் போகிறது. யூ.எஸ்.பி. 3.0 போர்ட் 900 மில்லியாம்பியர் தர வேண்டும்; 2.0 போர்ட்டின் வரம்பு 500. ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு விநாடிகளில் 1 ஆம்பியர் வரை கேட்கும். போதாதபோது என்ன நடக்கும் என்பதைக் காதால் கேட்கலாம்: டிஸ்க் லேசாக உறுமித் தொடங்கும், ‘டிக்’ என்று நிற்கும், மறுபடி உறுமும், மறுபடி ‘டிக்’. டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். தனி மின்சாரம் இல்லாத ஹப்பிலிருந்தோ, டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட்டிலிருந்தோ எடுத்து, மதர்போர்டில் நேரடியாக உள்ள பின்பக்க போர்ட்டில் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கேசிங் இணைத்ததும் வயர்லெஸ் மவுஸ் தடுமாறினால் அதற்கும் காரணம் உண்டு. யூ.எஸ்.பி. 3.0 இணைப்பிலிருந்து கசியும் அலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளைப் பாதிக்கும் என்று இன்டெல் 2012லேயே விளக்கியிருக்கிறது. மவுஸின் ரிசீவரைத் தள்ளி வேறு போர்ட்டில் வைத்தால் போதும்.

புதிய எஸ்.எஸ்.டி.யை மாட்டினால் ‘திஸ் பி.சி.’யில் (பழைய ‘மை கம்ப்யூட்டர்’) எதுவும் தெரியாது. விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, ஜி.பி.டி. என்ற பிரிப்பு முறையில் தொடங்கி, பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பகுதி) போட வேண்டும். அதன்பின் கோப்புகளை எழுதும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸில் மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் என்.டி.எஃப்.எஸ்.; மேக்கிலும் எழுத வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட், ஏனெனில் மேக் என்.டி.எஃப்.எஸ்.ஸைப் படிக்குமே தவிர எழுதாது. பழைய டிஸ்க் விஷயத்தில் எச்சரிக்கை அதிகம் வேண்டும். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால், உள்ளே படங்களும் ஆவணங்களும் இருக்கும் டிஸ்க்குக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். பழைய லேப்டாப்பில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இயங்கியிருந்தால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

பெயர் தெரியாத மலிவு கேசிங்குகளில் ஒரு சிக்கல் உண்டு. அவற்றில் சில, டிஸ்க்கின் செக்டர் (தகவலைச் சேமிக்கும் சிறு பகுதி) அளவை 512 பைட்டுக்குப் பதிலாக 4,096 பைட் என்று கணினிக்குச் சொல்கின்றன. அந்த கேசிங்கில் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காகத் தெரியும். டிஸ்க்கைக் கழற்றி டெஸ்க்டாப்பில் நேரடியாக மாட்டினாலோ வேறு கேசிங்குக்கு மாற்றினாலோ, தகவல் அனைத்தும் இருந்தும் டிஸ்க் காலியாகத் தெரியும். அதைத் திரும்ப அந்தப் பழைய கேசிங்கிலேயே வைத்துத் தகவலை நகலெடுப்பதுதான் பாதுகாப்பான வழி.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளால் கேசிங்கில் இருக்கும் டிஸ்க்கின் நலத்தைப் பார்க்கலாம். ‘ரீஅலோகேட்டட் செக்டர்ஸ்’ (கெட்டுப்போனதால் மாற்றப்பட்ட செக்டர்கள்) எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை பேக்கப்புக்கு நம்ப வேண்டாம். நலமாக இருந்தாலும் குடும்பப் படங்களின் ஒரே பிரதியை ஒரு பழைய டிஸ்க்கில் மட்டும் வைக்காதீர்கள். எடுக்கும்போது ‘இஜெக்ட்’ கொடுத்து, சுழற்சி நிற்கும்வரை சில விநாடிகள் மேசையிலேயே விட்டுவிட்டுத் தூக்குங்கள்.

லேப்டாப்பிலிருந்து கழற்றியது மெல்லிய பட்டை போன்ற எம்.2 எஸ்.எஸ்.டி. என்றால் இந்தக் கேசிங் பொருந்தாது. அதிலும் சாட்டா, அதைவிட வேகமான என்.வி.எம்.இ. என இரு வகை உண்டு. ரியல்டெக் ஆர்டிஎல்9210பி சிப் உள்ள கேசிங் இரண்டையும் ஏற்கும், ஜேஎம்எஸ்583 என்.வி.எம்.இ.யை மட்டும் ஏற்கும். என்.வி.எம்.இ. நன்றாகச் சூடேறுவதால் அதற்குப் பிளாஸ்டிக் கூடாது, அலுமினியப் பெட்டியும் சூட்டைப் பெட்டிக்குக் கடத்தும் தெர்மல் பேடும் வேண்டும். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை. அதை எந்த யூ.எஸ்.பி. 3.0 போர்ட்டும் தராது என்பதால் தனி அடாப்டருடன் வரும் கேசிங்கைத்தான் வாங்க வேண்டும்.