ஆத்தா போன பிறகு: கவுன்சிலிங்கில் இரண்டரை வருடம்

ஆத்தா, அதாவது என் அம்மா, காரைக்குடி பக்கத்துக் கோட்டையூர் வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார். முந்தின ராத்திரி சென்னையில் இருந்த எனக்கு போன் செய்திருந்தார், நான் எடுக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து ஒரு வருடம் ஆகியும் போன் மணி அடித்தால் எனக்குக் கை நடுங்கும்.

கவுன்சிலிங்குக்கு முதலில் போன இடம் சரிப்படவில்லை. பத்தாவது நிமிடத்திலேயே "எல்லாம் விதி, பிள்ளையார்பட்டிக்குப் போய்ட்டு வாங்க" என்றார்கள். பேச வந்ததைப் பேசவே முடியவில்லை. அப்புறம் காரைக்குடியில் வேறொருவரிடம் போனேன். எங்கள் பக்கம் யாரைப் பார்த்தாலும் "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்கள், அதனால் பயந்துகொண்டேதான் போனேன். சொல்வது வெளியே போகாது என்று முதல் நாளே அவர் விளக்கினார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் அந்த ரகசியத்தை நம் உரிமையாகவே வைத்திருக்கிறது.

வாரம் ஒருமுறை, 50 நிமிடம். அவர் புத்தி சொல்லவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய ஆறுதல். ஒரு நோட்டில் எழுதச் சொன்னார்: என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தேன், அந்த நினைப்புக்கு என்ன ஆதாரம், அதை மறுக்க என்ன ஆதாரம். 1960களில் ஆரன் பெக் என்ற மருத்துவர் உருவாக்கிய சிகிச்சை முறையில் வருவதாம் இது. "எடுத்திருந்தால் ஆத்தா பிழைத்திருப்பார்" என்ற வரிக்கு ஆதாரம் தேடி மூன்று வாரம் உட்கார்ந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அழுகைதான் வந்தது. அந்த அழுகைக்கு அப்புறம்தான் தூக்கம் வந்தது.

நேராக ஏறிய ஏற்றம் இல்லை இது. ஆத்தாவின் திவசத்தன்று பழையபடி ஆகிவிட்டேன், இரண்டு மாதம் போகவே இல்லை. வீடியோவில் பேசிப் பார்த்ததும் எனக்கு ஒத்துவரவில்லை. நேரில் உட்கார்ந்தால்தான் வாய் திறக்கிறது. செலவும் கொஞ்சம் இல்லை. பணம் இடிக்கிறவர்கள் 14416-க்குப் பேசலாம். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், இலவசம், தமிழிலும் பேசுகிறார்கள்.

இப்போது மாதம் ஒருமுறைதான் போகிறேன். போன மாதம் வீட்டைத் திறந்து, உயர்ந்த திண்ணை போன்ற பட்டாலையில், என்னை ஆச்சி என்று கூப்பிடும் தங்கையோடு உட்கார்ந்திருந்தபோது, அந்த போன் விஷயத்தை முதல்முறையாகச் சொன்னேன். அவள் வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி, அன்னைக்கு ஆத்தா எனக்கும் கூப்பிட்டாக. நானும் எடுக்கலை."